ராசாவை ஏலம் விட்டவன் சொல்வது

திரைக்குப் பின்னால் நிற்கிற என் மச்சான் யாக்கோப்புக்கு,

உன் மச்சான் சூசை சொல்வது. எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள் ஸ்டெல்லா எழுதுகிறாள். வாய்க்கு வந்தபடி நான் பேசுவதை, நாலு பேர் படிக்கிற மாதிரி அவளே மாற்றி எழுதிக்கொள்கிறாள். எழுதுகிறவள் உன் மகள் என்பதால் உன்னைத் திட்டுகிற இடங்களில் குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் வருகிறது. ஆனால் எதையும் விடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஊரில் புதிதாகத் திறந்திருக்கிற மையத்தின் மலரில் இது வரப்போகிறது. ஊரே படிக்கட்டும்.

முதல் சேதி. நீ போய் இரண்டு வருசம் முடிந்துவிட்டது. உன் மேல் எனக்கு இருக்கிற பொறாமை மட்டும் முடியவில்லை. "மண்ணுக்குள்ள கெடக்குற மனுசன் மேல என்னய்யா பொறாமை?" என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். மண்ணுக்குள்ளேயா கிடக்கிறாய் நீ? ஐஸ் பேக்டரிக்குள் அல்லவா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறாய்!

புரியவில்லையா? சொல்கிறேன். உனக்கு அங்கே அப்படி என்ன அவசர வேலை?

நம் கோயிலுக்குப் பின்னால் மூடிக் கிடந்த பழைய ஐஸ் பேக்டரி ஞாபகம் இருக்கிறதா? கடலுக்குப் போகிற அன்று ஐஸ் அள்ள நிற்கும்போது, நீ உள்ளே போய்ப் பாடிப் பார்ப்பாயே, சுவர் திருப்பிப் பாடுகிறது என்று. அதை இப்போது வெள்ளையடித்து, தரையைப் பூசி, 'பண்பாட்டு மையம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். உன் மகளும், ஊரில் படித்த பிள்ளைகளும், மண்டபம் அகதி முகாம் பிள்ளைகளும் சேர்ந்து செய்தது. பங்குச் சாமியார் சாவியைக் கொடுத்துவிட்டார். பாதிச் சுவர் இந்தக் கரைக்கு, பாதிச் சுவர் நீ இலங்கையில் விட்டு வந்த அந்தக் கரைக்கு.

இந்தக் கரைப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேள். ஒரு பழைய துடுப்பு. முத்துக் குளிக்கிறவர்கள் காலில் கட்டி இறங்குகிற கல். புயலுக்கு முந்திய தனுஷ்கோடி போட்டோ இரண்டு. அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் அய்யா ஞாபகம் வரும். அவர் அதே மாதிரிக் கல் ஒன்றை வைத்துத்தான் வீட்டுக் கதவை அடைத்து வைப்பார், ஆடு வராமல் இருக்க. மற்றபடி அவர் முத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அது போகட்டும், அது வேறு கதை.

அந்தக் கரைப் பக்கம், படகில் வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த சாமான்கள். ஒரு தேங்காய் துருவுகிற திருவலை, சேலைத் துண்டில் சுற்றிய செபமாலை, தோல் கிழிந்த மத்தளம். இதற்கெல்லாம் நடுவில், ஒரு ஆள் உயரத்துக்கு, யார்? நீ! ராசா வேஷத்தில், தலையில் முடி, கையில் மரவாள். கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் அதே முடி, அதே வாள். பக்கத்தில் ஒரு மிசின். பொத்தானை அமுக்கி, காதில் மாட்டிக்கொண்டால் நீ பாடுகிறாய்.

அந்தப் போட்டோவின் இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். மச்சான், அது என்னுடைய முழங்கை. மையம் முழுக்கத் தேடிவிட்டேன். என்னுடையது என்று அங்கே இருந்தது அந்த முழங்கை ஒன்றுதான்.

வயிறு எரியுமா, எரியாதா?

இந்த எரிச்சல் இன்று நேற்று வந்ததா? உன்னை இந்தக் கரைக்கு ஏற்றி வந்ததே நான்தானே. அன்று நண்டு வலை எடுத்துவிட்டுத் திரும்பும்போது மணல் திட்டில் ஆள் நிற்பது தெரிந்தது. மன்னாரிலிருந்து வந்த படகுக்காரன், கரை வந்துவிட்டது என்று சொல்லி உங்களைத் திட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தான். சுற்றிலும் தண்ணீர். முகாமுக்குச் சொல்லிவிட்டு மற்றவர்களையெல்லாம் ஏற்றினோம். நீ மட்டும் ஒரு சாக்குப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தாய்.

"ஏலே, பைக்குள்ள என்ன? நகையா?" என்று கேட்டேன்.

"முடி."

"முடியா? யாரோட முடி?"

"ராசாவின்ர முடி. நனைஞ்சால் ஒட்டினதெல்லாம் கழண்டு போகும். கொஞ்சம் பிடியுங்கோ அண்ணன்."

மாற்றுச் சட்டை இல்லை, ஒரு பிடி அரிசி இல்லை. அட்டையில் செய்து, கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டிய கூத்து முடியை எடுத்துக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறான் ஒருவன்! பைத்தியம் என்று நினைத்தேன். வருசம் திரும்புவதற்குள் அந்தப் பைத்தியத்துக்கு என் தங்கச்சி லூர்துவைக் கட்டிக்கொடுத்தோம். நண்டுக் குழம்பு வைத்தால் எங்கள் அம்மா கொடுக்குக் கால்களை உன் தட்டில் பொறுக்கிப் போட்டாள். அதுவரை அது என் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. "அவன் அகதியா வந்த பிள்ளைடா" என்பாள். அகதியாக வந்து எத்தனை வருசத்துக்கு அகதி? பேரப் பிள்ளை பிறந்த பிறகும் கொடுக்கு உனக்குத்தான் போனது.

"மாமா, இதையுமா எழுதணும்?" என்கிறாள் ஸ்டெல்லா.

"எழுது தாயி. கொடுக்குதான் முக்கியம்."

நீ வருமுன் இந்தக் கரையில் என் குரல்தான் குரல். மீன் ஏலம் கூறுகிறவன் நான். விடியற்காலை நான் "கேளு, கேளு!" என்று ஒரு சத்தம் கொடுத்தால், டீக்கடையில் வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவார்கள் வியாபாரிகள். ஒரு கூடைச் சூடை மீனைக் கூட, அது கடலுக்கடியில் எந்தப் பாறைப் பாரில் மேய்ந்தது, யார் வலையில் விழுந்தது, அந்த வலைக்காரன் முதல் நாள் பெண்டாட்டியிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டான் என்று கதை சொல்லித்தான் விற்பேன். மீன் நாறிப்போகும் என்று வியாபாரிகள் கத்துவார்கள். கத்திக்கொண்டே நின்று கேட்பார்கள்.

பிறகு நீ வந்தாய். திருவிழாவுக்கு உங்கள் ஊர்க் கூத்தைப் போடலாம் என்று முகாம் ஆட்களையும் எங்கள் ஆட்களையும் சேர்த்தாய். பாட்டுச் சொல்லிக்கொடுத்தாய், ஆட்டம் சொல்லிக்கொடுத்தாய். எனக்கு என்ன வேஷம் என்று கேட்டேன். எனக்கு உள்ளுக்குள் ராசா வேஷத்தின் மேல் ஒரு கண் இருந்தது. நீ சிரித்தாய்.

"நீ கட்டியக்காரன் மச்சான்."

"அது யாரு?"

"ராசா வாறார் எண்டு முன்னால வந்து கூவிறவன்."

"கூவிட்டு?"

"கூவிப்போட்டு ஓரமாய்ப் போய் இருக்க வேண்டியதுதான்."

எனக்கு மூக்குக்கு மேல் வந்தது கோபம். நீ தோளில் கை போட்டாய். "மச்சான், கட்டியம் சொல்லாமல் எங்கட கூத்தில திரை விழாது. திரை விழாமல் ராசா இல்லை. தானாய் நடந்து வந்தால் அவன் ராசா இல்லை, பஸ்ஸுக்கு வந்தவன். உன்ர குரல் இல்லாட்டி நான் பஸ்ஸுக்கு வந்தவன்தான்" என்றாய். நல்லாப் பேசுவாய் நீ. அதுவும் எனக்குப் பொறாமை.

கூத்துப் பார்க்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மலர் படிக்கிற வெளியூர்க்காரர்களும் இருப்பார்கள். ராசா வரும்போது இரண்டு பேர் ஒரு வெள்ளை வேட்டியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதுதான் திரை. ராசா அதற்குப் பின்னால். கட்டியக்காரன் அதற்கு முன்னால் நின்று ராசாவின் பெருமையைச் சொல்லி முடித்தால்தான் திரையை இறக்குவார்கள். ராசாவின் முதல் பாட்டு அப்புறம்தான்.

சரி, கூவத்தானே சொன்னாய்? கூவினேன். எனக்குத் தெரிந்த மாதிரிக் கூவினேன். ராசாவை ஏலம் விட்டேன்! "கேளு, கேளு! கெழக்குச் சீமை ராசா, இப்பத்தான் கரைக்கு வந்துருக்கார், செவுளைத் தூக்கிப் பாத்துக்கங்க, ரத்தமாட்டம் இருக்கார்! யாரு கேக்குறீக?" என்றதும் கூட்டம் சிரித்த சிரிப்பில் கோயில் புறா பறந்துபோனது. ஒருவன் ஒரு கூடைச் சூடைக்குக் கேட்டான். ஒருத்தி இரண்டு கணவாய்க்குக் கேட்டாள். நான் விடுவேனா? அவனவன் வீட்டுக் கதையை இழுத்தேன், சம்பந்தமில்லாமல் பாம்பன் பாலத்தில் ரயில் நின்ற கதையைச் சொன்னேன். திரைக்குப் பின்னால் நீ அந்தக் கனத்த முடியைச் சுமந்துகொண்டு, வியர்வை கண்ணில் வழிய நிற்கிறாய். நிற்கட்டும் என்றுதான் இழுத்தேன். வேறு எதற்கு?

அப்போதுதான் முதுகில் 'சுருக்' என்றது. திரைக்குப் பின்னாலிருந்து மரவாளால் ஒரு குத்து.

"விசரா, முடி கனக்குதடா. கெதியாய் முடி!"

நான் கூட்டத்தைப் பார்த்து, "ஒரு தரம்… ரெண்டு தரம்… மூணு தரம்!" என்றேன். திரை விழுந்தது. நீ பாட ஆரம்பித்தாய். அவ்வளவுதான், சூசை என்று ஒருத்தன் அங்கே நின்றதை எல்லாரும் மறந்துபோனார்கள். மத்தளக்காரன் பக்கத்தில் போய் உட்கார்ந்து சோடா குடித்தேன்.

அன்றிலிருந்து வருசா வருசம் இதேதான். நான் இழுப்பேன், நீ குத்துவாய், நான் மூணு தரம் சொல்வேன், கைதட்டல் உனக்குப் போகும். மறுநாள் மீன் செதில் சீவும்போது என் வீட்டுக்காரியே உன் பாட்டைத்தான் முணுமுணுப்பாள். என் கட்டியத்தை யார் முணுமுணுக்க முடியும்?

சாவிலும் நீ முந்திக்கொண்டாய். நெஞ்சு வலி என்று ராம்நாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, பாலத்து உச்சியில், இரண்டு பக்கமும் கடல் தெரிகிற இடத்தில் போய் உயிரை விட்டாய். எனக்கு எந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதியிருக்கிறதோ. உன் அடக்கத்துக்கு வந்த கூட்டம் கோயிலுக்குள் கொள்ளவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டே, எனக்கு இதில் பாதியாவது வருமா என்று கணக்குப் போட்டேன். அழுதுகொண்டேதான் போட்டேன், அதையும் எழுதிக்கொள் தாயி.

இப்போது மிசின் கதைக்கு வருகிறேன்.

முகாம்காரர் ஒருவர் பழைய திருவிழாக் கூத்து ஒன்றைக் கேசட்டில் பிடித்து வைத்திருந்தாராம். ஸ்டெல்லா அதை வாங்கி, மதுரையில் ஒரு கடையில் கொடுத்து, இரைச்சலையெல்லாம் எடுத்து, மிசினில் ஏற்றிவிட்டாள். திறப்பு விழாவுக்கு முன்னாடியே என்னைக் கூப்பிட்டாள். "மாமா, வந்து கேளுங்க. அப்பா அப்படியே இருக்காங்க."

காதில் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன். என் "கேளு, கேளு" வரும் என்று காத்திருந்தேன். எடுத்த எடுப்பில் உன் குரல்! நெஞ்சைப் பிடித்து இழுக்கிற அந்த நீட்டல். குரல் நல்லாத்தான் இருந்தது. ஆனால் நான் எங்கே?

ஸ்டெல்லாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. அங்கேயே நின்று மதுரைக் கடைக்குப் போன் போட்டாள். அந்தப் பையன் கூச்சமே இல்லாமல் சொன்னான்: "ஆமாக்கா, ஆரம்பத்துல ஏதோ மீன் ஏலம் ஓடிட்டு இருந்துச்சு. தெரியாம ரெக்கார்ட் ஆயிருச்சு போலன்னு வெட்டிட்டேன். நிறையா வேற இருந்துச்சுக்கா!"

அந்தக் கேசட்டைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம் என்றால், முன்பகுதி நாடா சிக்கி அறுந்துபோயிற்றாம்.

மச்சான், உன்னைப் பாட்டு என்று வெட்டாமல் விட்டிருக்கிறான். என்னை இரைச்சல் என்று வெட்டியிருக்கிறான். இனிமேல் எங்கள் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் வந்து கேட்டாலும் நீ மட்டும் இருப்பாய். நான் இருந்தேன் என்பதற்கு ஒரு முழங்கை. அன்று முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் ஊரில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். டாக்டரைக் கூப்பிடலாமா என்று கேட்டார்கள்.

ஸ்டெல்லா அழுதுவிட்டாள். "மாமா, நீங்க மறுபடி சொல்லுங்க, நான் சேத்து வச்சுடறேன்" என்று ஒரு சின்ன அறையில் மைக் வைத்து உட்கார வைத்தாள். கதவைச் சாத்தினாள். விசிறியையும் நிறுத்தினாள். "கேளு, கேளு" என்றேன். யார் கேட்க? எதிரே சுவர். பின்னால் சுவர். அந்தப் பக்கம் ஒருத்தன் முடியைச் சுமந்துகொண்டு பல்லைக் கடிக்காமல் நான் யாரைக் காக்க வைப்பது? நாலு வார்த்தையில் வறண்டுபோனது. மைக்கைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "உங்க அப்பனே தனியா நிக்கட்டும். அவனுக்கு அதுதானே ஆசை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

திறப்பு விழாவுக்கும் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அப்புறம், போகாவிட்டால் நான் வரவில்லை என்பது கூட யாருக்கும் தெரியாதே என்று தோன்றியது. போய்க் கடைசி வரிசையில், வேப்பமரத்தடியில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சாயங்கால வெயில். பங்குச் சாமியார் பேசினார். சென்னையிலிருந்து வந்தவர்கள் பேசினார்கள். 'இரு கரைப் பண்பாடு' என்றார்கள். என் தங்கச்சி முன்வரிசையில் பட்டுச் சேலையோடு. ஐஸ் பேக்டரி வாசலில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை வைத்து, உன் பாட்டைப் போடுவதாக ஏற்பாடு. மரியாதைக்கு அந்தப் பெட்டிக்கு முன்னால் திரை பிடிக்க வேண்டும் என்று செபஸ்தியானும் அவன் தம்பியும் முகாமிலிருந்து வேட்டி கொண்டு வந்திருந்தார்கள். உனக்கு எப்போதும் திரை பிடித்தவர்கள்.

ஸ்டெல்லா பொத்தானை அமுக்கினாள். நீ பாட ஆரம்பித்தாய்.

திரை இறங்கவில்லை.

பாட்டு ஓடுகிறது, இரண்டு பேரும் வேட்டியைப் பிடித்தபடி கல்லாய் நிற்கிறார்கள். சாமியார் கையைக் காட்டுகிறார், இறக்கு என்று. செபஸ்தியான் தலையை ஆட்டுகிறான். முகாம்காரர்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி எழுந்து கத்தினாள்: "பாட்டை நிப்பாட்டுங்கோ பிள்ளை! கட்டியம் இல்லாமல் ராசா எப்பிடி வாறது? எங்கட யாக்கோப்பு என்ன, தெருவில நிக்கிறவனோ?"

ஸ்டெல்லா பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தினாள். எல்லாத் தலையும் திரும்பியது. எங்கே? வேப்பமரத்தடிக்கு.

பொய் சொல்ல மாட்டேன் மச்சான். எனக்குள் ஐஸ் கட்டி வைத்த மாதிரி இருந்தது. இத்தனை வருசத்தில் முதல் தடவையாக நீ வர முடியாமல் நிற்கிறாய். போட்டோ இருக்கிறது, மிசின் இருக்கிறது, சென்னைக்காரன் இருக்கிறான், ஆனாலும் நீ வர முடியவில்லை. நான் உட்கார்ந்தே இருந்தேன். துண்டை எடுத்து உதறி, மடித்து, மறுபடி தோளில் போட்டேன். நில்லுடா ராசா, நில்லு.

லூர்து எழுந்து வந்தாள். கத்தவில்லை, கெஞ்சவில்லை. பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே. இன்னும் எம்புட்டு நேரம்ணே அவரை நிக்க வப்ப? பாட்டாவது கேட்டுக்கிறேன்ணே நான்."

அவள் இரண்டு வருசமாக அந்தக் குரலைக் கேட்கவில்லை. மிசின் பக்கம் அவள் போகவே இல்லையாம். கேட்டால் தனியாகக் கேட்கக்கூடாது, எல்லாரோடும் கேட்க வேண்டும் என்று இருந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

எழுந்து போனேன்.

திரைக்கு முதுகைக் காட்டி நின்றேன். தொண்டையைச் செருமினேன். "கேளு, கேளு!" என்றேன். மைக் வேண்டாம் என்று தள்ளிவிட்டேன்.

"கரையில நிக்கிறவுகளும் கேளு, கடல்ல நிக்கிறவுகளும் கேளு! கெழக்குக் கரை ராசா வாராரு! படை இல்ல, பல்லக்கு இல்ல. மணல் திட்டுல எறக்கிவிட்ட ராசா! மாத்துத் துணி இல்லாம முடியை மட்டும் தூக்கிட்டு வந்த ராசா! படகுல பாட்டுப் பாடியே மீனை வெரட்டுற ராசா! என் வீட்டு நண்டுக் கொடுக்கு அத்தனையும் தின்னு தீத்த ராசா! யாரு கேக்குறீக?"

"ஒரு கூடைச் சூடை!" என்றான் ஒருவன்.

"சூடைக்கா? இவரு என்ன கருவாட்டு ராசாவா? மேல கேளு!"

"ஒரு பெரிய சீலா மீனு!"

"எங்கட ராசாவை நாங்களே கேக்கிறம்!" என்றாள் அந்தக் கிழவி. "ஒரு படகு!"

"ஓட்டைப் படகா, நல்ல படகா ஆத்தா? ஓட்டைப் படகுலதான ஏத்தி விட்டீக!"

சிரிப்பு. சாமியாரும் சிரித்தார். நான் விட்டேனா? மூடிக் கிடந்த பேக்டரியைப் பேசினேன், அய்யாவின் கல்லைப் பேசினேன், என் முழங்கையைப் பேசினேன், மதுரைப் பையனை ஏலத்தில் சேர்த்து விட்டேன். ஆள் யாரும் நகரவில்லை. வெயில் இறங்கிப்போனது. அப்புறம் முடிக்க வேண்டிய இடம் வந்தது.

"ஒரு தரம்" என்றேன். "ரெண்டு தரம்" என்றேன்.

நின்றுவிட்டேன்.

முதுகில் குத்து விழவில்லை, மச்சான். அது விழுந்துதான் எனக்கு முடிக்கத் தெரியும். எந்த வருசமும் நானாக முடித்ததில்லை. நீ குத்துவாய், நான் மூணு தரம் சொல்வேன். இப்போது முதுகு காத்துக்கொண்டு நிற்கிறது, வாய் திறந்து நிற்கிறது, ஒன்றும் வரவில்லை. மூணாம் தரம் சொன்னால் சரக்கு கைமாறிப் போய்விடும். அப்புறம் ஏலக்காரனுக்கு அதில் பாத்தியதை இல்லை. "ரெண்டு தரம்" என்று மறுபடி சொன்னேன். "ரெண்டு தரம்… ரெண்டு தரம்…" சிரிப்பெல்லாம் அடங்கிப் போனது. ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது முதுகில் 'சுருக்' என்றது.

தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்க்கப் பயம். அதே இடம். தோள்பட்டைக்குக் கீழே, உன் அளவு. மெல்லத் திரும்பினேன். திரைக்குப் பின்னால், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், பட்டுச் சேலையோடு லூர்து. கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்த மரவாள் அவள் கையில்.

"நான் எடுத்துக்கிறேன்ணே அவரை," என்றாள். "முடிச்சு விடு. முடி கனக்கும்."

"மூணு தரம்!" என்றேன்.

திரை விழுந்தது. அங்கே ஒரு பெட்டிதான் இருந்தது. ஆனாலும் நீ வந்தாய். நான் ஓரமாகப் போய் மத்தளம் இருக்கிற இடத்தில் உட்கார்ந்தேன். யாரோ சோடா கொண்டுவந்து கொடுத்தார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள் பார், அப்படி ஒரு தட்டு. யாரைப் பார்த்து? பெட்டியைப் பார்த்து! செத்த பிறகும், ஆளே இல்லாமலும், எனக்கு வர வேண்டியதை அள்ளிக்கொண்டு போகிறவன் நீ ஒருவன்தான்.

அன்று நான் சொன்னது முழுவதையும் ஸ்டெல்லா போனில் பிடித்து வைத்திருந்தாள். இப்போது மிசினில் உன் பாட்டுக்கு முன்னால் அது ஓடுகிறது. உன்னைக் கேட்க வருகிறவன் முதலில் என்னைக் கேட்டாக வேண்டும். ஒரு வார்த்தை வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். 'ரெண்டு தரம், ரெண்டு தரம்' என்று திக்கினதைக் கூட அவள் வெட்டவில்லை. வெட்டச் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அந்த மிசினில் இன்னொரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் நேராக உன் பாட்டுக்குத் தாவிவிடலாம். யார் கண்டுபிடித்தானோ, நாசமாய்ப் போக. கரையில் எனக்கு இப்போது வேலை இல்லை, மைக் வைத்து ஏலம் கூறுகிறார்கள். அதனால் சாயங்காலம் மையத்துக்குப் போய் அந்த மிசின் பக்கத்தில் ஒரு சேர் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். எவன் விரலாவது அந்தப் பொத்தான் பக்கம் போனால் ஒரு செருமல் செருமுவேன். விரல் திரும்பிவிடும். லூர்தும் சில நாள் வருவாள். அவள் காதில் மாட்டிக்கொண்டு முழுசாகக் கேட்பாள், என்னையும் சேர்த்து. உன் பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்து, "ரொம்ப இழுக்குறண்ணே" என்பாள். அவ்வளவுதான்.

மச்சான், ஒன்று கேட்கிறேன். குத்தும்போதெல்லாம் உனக்கு நிஜமாகவே முடி கனத்ததா? இல்லை, நான் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நிற்கிறேன் என்று தெரிந்துதான் குத்தினாயா? பதில் வராது என்று தெரியும். கேட்டு வைக்கிறேன்.

சத்தியமாகச் சொல்கிறேன். நான் இருக்கிற வரைக்கும் இந்தக் கரையில் உனக்குக் கட்டியம் சொல்கிறவன் வேறு ஒருத்தன் இருக்க மாட்டான். திருவிழாவுக்குத் திருவிழா வருவேன், இழுப்பேன், மூணு தரமும் சொல்வேன். பதிலுக்கு நீ ஒன்று செய்ய வேண்டும். நான் அங்கன வருகிற அன்று, நீ ஓரமாகப் பாடிக்கொண்டு நிற்காதே. முன்னால் வா. "சூசை வாறான், கேளுங்கோ" என்று உன் வாயால் கூவு. எவ்வளவு வேண்டுமானாலும் இழு. மரவாள் இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. உன்னைக் குத்த என் கையில் ஒன்றும் இருக்காது. நீ முடிக்கிற வரைக்கும் நான் திரைக்குப் பின்னால் நிற்கிறேன்.

ஸ்டெல்லா பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைக்கிறாள். உன் மகளாய் இருந்தும், என்னை மாதிரியே எதையும் கெதியாய் முடிக்கத் தெரியாது.

இப்படிக்கு,
உனக்கு முன்னால் வந்து கூவி, உனக்குப் பின்னால் வரப்போகிற
உன் பொண்டாட்டிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
உன் மச்சான் சூசை